நாற்பத்திரண்டாம் நம்பர்

போர்டில் இருப்பது ட்ராகன்.
கீறிய யோகேஸ் உயிரோடு கண்டது உடும்பைத்தான்;
அதனால் அதற்கு உடும்பின் வயிறு.

எட்டு வருசமாய் அதன் கீழே
கல்முனை மெயின் றோட்டில் நிற்கிறேன்.
தாச்சி, நெருப்பு, கோவா, கரட், லீக்ஸ்,
வாழைச்சேனைக் கணவாய்,
சோளமா கரைத்த தண்ணீர் கடைசியில்.
நாற்பத்திரண்டாம் நம்பர்: சொப்சுயி.
தோஹாவில் ஒரு நேபாளி பழக்கித் தந்தது.
அவனுக்கு யார் பழக்கியது என்று கேட்கவில்லை,
அவசரமான குசினி.

ஜும்ஆ முடிந்து கடை திறந்த கையோடு
றோட்டுப் போட வந்த கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார்.
லூ.
காற்சட்டையில் தார், தொப்பியில் உப்பு.
மெனுவை மேலிருந்து கீழே வாசித்தார்,
பிறகு கீழிருந்து மேலே.
ஒரு படத்தில் விரல் வைத்தார்.

அன்று கணவாயை இரண்டு தரம் கழுவினேன்.
அவர் வீட்டுச் சாமானை
அவருக்கே விற்கப் போகிறேன் அல்லவா.

பீங்கானை வழித்துச் சாப்பிட்டார்.
போனில் எதையோ தட்டி என் முகத்துக்கு நீட்டினார்.
பெண் குரலில் அது தமிழ் பேசியது:
'மிகவும் சுவையாக உள்ளது. இது எந்த நாட்டின் உணவு?'

கல்லாவில் ஜவாஹிர் ஹாஜியார் இருமினார்.

உங்கடதான், என்றேன்.
லூ சிரித்துக் கையை ஆட்டினார்.
'அமெரிக்கா' என்றார்.
அதற்கு போன் தேவைப்படவில்லை.

மிச்சத்தை போன் சொன்னது, பாதி விளங்காமல்:
கப்பலேறிப் போனவர்களாம்.
தண்டவாளம் போட்டுக் கொடுத்த நாடே
சட்டம் போட்டுப் படலையைச் சாத்தியதாம்.
உள்ளே அகப்பட்டவர்கள் சட்டி வைத்தார்களாம்.
கிடைத்ததை வெட்டி, கலந்து,
வெள்ளைக்காரன் நாக்குக்கு வளைத்து,
இதுதான் எங்கட சாப்பாடு என்று
முகம் மாறாமல் பரிமாறினார்களாம்.
பெயருக்குக் கருத்து
கிட்டத்தட்ட 'பலதும் பத்தும்'.

முகம் மாறாமல்.

தோஹாவில் மூன்று வருசம்
மலபார் பிரியாணி என் கையால்தான் இறங்கியது.
கோழிக்கோடா என்று கேட்ட முதலாளிக்கு
ஓம் என்று தலையாட்டியவன் நான்.
மலபார்காரர்களே இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள்.
லூவிடம் அதைச் சொல்லவில்லை.
போன் ஹாஜியாருக்கும் கேட்கும்.

அவர் போனபின்
'போர்டை மாத்தோணுமா?' என்றார் ஹாஜியார்.
மாற்றலாம். அமெரிக்கா என்றால் கழுகு.
யோகேஸ் கீறினால்
அது கட்டாயம் கோழி.

விடுங்க ஹாஜியார்.
மூன்றாம் மேசைக்கு நாற்பத்திரண்டு,
இரண்டு,
உறைப்புக் கூட்டி.