மயிர்க்கணக்கு

எங்கள் பக்கம் படம் வரைவதில்லை, கீறுவோம்.
பூனையும் கீறும்.
அதனால் சில கிழமைகளில்
தாளில் ஒன்று, முன்கையில் ஒன்று
என்று இரண்டு படம் முடியும்.
இரண்டாவதற்குக் காசு இல்லை.

பாலையூற்றுத் தகரக் கூரைக்குக் கீழே மேசை.
விசிறியைப் போட்டால் பென்சில் தூள் பறக்கிறது,
நிற்பாட்டினால் வியர்வை சொட்டுகிறது.
முழங்கையில் துவாய் சுற்றிக்கொண்டு
விடியப்புறம் நாலு மணிக்குத் தொடங்குவேன்,
காகங்களுக்கு முன்,
வெயில் தகரத்தைக் கண்டுபிடிக்கும் முன்.

தலை மட்டும் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு.
முழு உடம்பு ஏழாயிரம்.
"குட்டி நாய்தானே, குறையாதா?" என்பார்கள்.
குட்டிக்குத்தான் மயிர் அடர்த்தி.
வளைத்துப் பேசாமல் சொன்னால்
நான் மயிருக்குக் காசு வாங்குகிறவள்.
அரிசி, கரண்ட் பில், மகனின் டியூஷன்,
எல்லாம் மயிரில் நடக்கிறது.

கிண்ணியா நிஸ்தார் நானாவுக்கு ஒரு ஆடு.
மூன்று கால்.
நாலாவதையும் போட்டுத் தரட்டுமா என்றேன்.
"இல்லாத காலுக்கு நான் ஏன் புள்ள காசு தரணும்?"

சமன்மலியின் கிளி
சிங்களத்திலும் தமிழிலும் தூஷணம் பேசும்.
அலகை மூடிக் கீறச் சொன்னாள்,
மாமி வருகிறாவாம்.

கோட்டை வாசல் மான்களை எவரும் கேட்டதில்லை;
அவற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை.
ஒன்று மட்டும் ஒருநாள்
என் பையிலிருந்த தாளை இழுத்து மென்றது.
பொமரேனியன் ஒன்றின் மூக்கு போயிற்று.
மூன்று நாள் வேலை.

கண்ணில்தான் தொடங்குவேன்.
ஆறு-பி பென்சிலால் கருமணியை அழுத்தி நிரப்பி
நடுவில் கடுகளவு தாளைத் தொடாமல் விடுவேன்.
அந்த வெளிச்சத்தைக் கீற ஏலாது.
தவறி ஒரு கோடு விழுந்தால்
எந்த அழிறப்பராலும் திரும்பி வராது.

போன மாரியில் தவனேசனும் இராசமலரும் வந்தார்கள்,
மகளின் கலியாணப் படத்தோடு.
மாப்பிள்ளை, பொம்பிளை, பந்தல்,
ஓரத்தில் ஐஸ்கிரீம் பெட்டி,
பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வால், இரண்டு பின்னங்கால்.
"இதுதான் பிறவுணி."
"தலை?"
"அந்தப் பக்கம் நக்கிக்கொண்டு நிண்டது."
வேறு படம் இல்லை.
எல்லாம் இருந்த போனை
டச்சுக்குடாவில் கடலுக்குள் விட்டிருந்தார்,
நாயைக் குளிப்பாட்டும்போது.

இடக்காது மடங்கினது என்றார் அவர்.
வலக்காது என்றா இராசமலர்.
"உங்கட பக்கத்தாலயா, அதின்ட பக்கத்தாலயா?"
கேட்டிருக்கக் கூடாது.
தேத்தண்ணி ஆடை கட்டியது.
முப்பத்தாறு வருசத்துச் சண்டை முழுக்க
அந்த ஒரு காதுக்குள் வந்து இறங்கியது.

திடீரென்று தவனேசன் கண்ணாடியைக் கழற்றினார்.
மாவு ஆலையில் சூப்பர்வைசராக இருந்த மனிதர்,
கஞ்சி போட்ட வெள்ளைச் சாரம்.
என் சீமெந்துத் தரையில் நாலு காலில் நின்று
தலையைச் சரித்து
கேற் திறபடும் சத்தத்துக்குக் காத்திருக்கும்
ஒரு பார்வை பார்த்தார்.

"ஓம்," என்றா அவ. "அதுதான்."

நான் அவரைத்தான் கீறினேன்.
காதுகளை நிழலுக்குள் விட்டேன், இரண்டையும்.

பத்தாம் நாள் வந்து பார்த்தார்கள்.
"பிறவுணி பிறவுண் எல்லோ, இது சாம்பல்."
பென்சிலில் அதுதான் வரும் என்றேன்.
தலையாட்டினார். எழும்பவில்லை.
"வால் ஆட்டுற மாதிரி ஏலாதா?"

சுட்டுவிரலால் வாலை ஒருதரம்
இடமும் வலமுமாய்த் தேய்த்தேன்.
கலங்கிப் போயிற்று.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
காசை எண்ணித் தந்தது இராசமலர்.
ஐந்நூறு கூட இருந்தது,
நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்போது நிலாவெளியிலிருந்து ஒரு தங்கமீன் வந்திருக்கிறது.
இதுக்கு மயிர் இல்லையே, குறைப்பீர்களா
என்று கேட்கிறார்கள்.
செதிலுக்கு என்ன விலை சொல்வது
என்று யோசித்துக்கொண்டு
பென்சில் சீவுகிறேன்.