மாதிரி எண் நான்கு

முதல் பாட்டிலை மலையடிவாரத்தில் நிரப்பினோம்.
கழுத்துவரை தண்ணீர். ஒரு குமிழி தங்கக்கூடாது,
தங்கினால் அது உங்கள் காற்று, ஓடையின் மூச்சைக் கெடுத்துவிடும்
என்று ஹெப்சிபா மேடம் சொல்லியிருந்தார்.
மேலே ஏற்காட்டு பஸ் ஒன்று
கடைசி கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்து இறங்கியது.
ரெஹானா செருப்பைக் கையில் பிடித்தபடி
"இதக் குடிக்கலாம்டி" என்றாள்.
குடிக்கவில்லை.
சிவில் மூன்றாமாண்டு நாங்கள்,
தாகத்துக்கும் எண் கேட்கப் பழகிவிட்டோம்.

இரண்டாவது, டவுனுக்குள், பாலத்துக்குக் கீழே.
அன்றைக்கு ஆறு ஊதா.
"நேத்து பச்சை" என்றார் பஞ்சர் கடைக்காரர்,
"தீபாவளி கிட்ட வந்தா அரக்கு வரும் பாருங்க."
மாம்பழ சீசனைச் சொல்வதுபோல் சொன்னார்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
மழை வந்தது, லேபிளில் மை ஒழுகியது.

நான்காவது இடம் நான் தேர்ந்ததில்லை.
வரைபடத்தில் சம தூரத்தில் புள்ளி வைத்தது ஸ்கேல்.
அது போய் நின்றது
அப்பா பாய்லர் பார்க்கும் சேகோ ஆலைக்குப் பின்னால்,
மரவள்ளித் தோல் அழுகிக் குவிந்த ஓடையில்.
ரெஹானா துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டாள்.
நான் கட்டவில்லை.
ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு வாளியில்
காக்கிச் சட்டையோடு ஊறுகிற வாசனைதான்.
அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

லேபில்
மேங்கனீஸ் சல்பேட் இரண்டு மில்லி,
ஆல்கலி அயோடைடு இரண்டு மில்லி,
மூடி, பதினைந்து முறை தலைகீழ்.
ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாய்ப் படியும்.
முதல் பாட்டில் கருப்பட்டி.
இரண்டாவது, மூன்றாவது, பால் தூக்கலான டீ.
நான்காவது வெள்ளை.
தொட்டியில் இரவு முழுக்கப் படிந்த
மாவுப்பாலின் அதே வெள்ளை.
"ரீஏஜென்ட் சரியா போட்டீங்களா?"
மறுபடி செய்தோம்.
மறுபடி வெள்ளை.

அமிலம் விட்டதும் அதுவும் கரைந்து
தெளிந்துவிட்டது, ஒன்றுமே நடக்காததுபோல்.
இப்போது பார்த்தால்
நான்கில் இதைத்தான் குடிக்கத் தோன்றும்.

கடைசியில் ஸ்டார்ச்.
லேப் உதவியாளர் பெரியண்ணன் அதைக் காசுக்கு வாங்குவதில்லை,
ஜவ்வரிசியைக் கொதிக்கவைத்து வடிகட்டித் தருவார்,
"சேலத்துல இதுக்கா பஞ்சம்?"
விட்டால் நீலம் பிறக்கும்.
பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாய் அந்த நீலத்தைக் கொல்லவேண்டும்,
எத்தனை சொட்டில் சாகிறதோ
அத்தனை உயிர் இருந்தது தண்ணீரில் என்று கணக்கு.

எங்கள் மாவை எங்கள் ஓடையில் விட்டேன்.
இரண்டு சொட்டு. இன்னும் இரண்டு.
நீலம் வரவில்லை.
கொல்வதற்கு ஒன்றும் இல்லாமல்
பியூரெட் குழாயைப் பிடித்தபடி
எவ்வளவு நேரம் நின்றேனோ.

அப்போதுதான் போன்.
"பரீட்சை ஃபீஸ் இன்னிக்குத்தானே கடைசி?
மொதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன், கட்டிரு.
சாப்பிட்டியா?"
பின்னால் பாய்லர் இரைந்துகொண்டிருந்தது.
ராத்திரியில் வால்வைத் திறப்பது யாருப்பா
என்று நாக்கு நுனிவரை வந்தது.
"சாப்பிட்டேன்" என்றேன்.
சாப்பிடவில்லை.

ரெக்கார்டில்
கரைந்த ஆக்சிஜன்: 0.0
மாதிரி எடுத்த இடம்:
"சும்மா ஓடைன்னு எழுதிக்கவா?" என்றாள் ரெஹானா,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.
நான் வாங்கி எழுதினேன்:
ஆலைப் பின்சுவர், மேற்கிலிருந்து மூன்றாவது குழாய்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுதான் தெரியும்.
மூன்றாவதை முட்செடி மறைத்திருக்கும்.
எப்படித் தெரியும் என்று அவள் என்னைப் பார்த்தாள்.
அதற்கு ரெக்கார்டில்
கட்டம் போடவில்லை.