அரைப்பேர்

படிவத்தில் ஏழாவது கூடு: தகைமை.
உயர்தரம், மூன்று சித்தி என்று எழுதினேன்.
தமிழ், இந்து நாகரிகம், அரசியல் விஞ்ஞானம்.
எட்டாவது கூடு: கற்பிக்கும் பாடம்.
கணிதம்.
பேனை கொஞ்சம் நின்றது. நான் நிற்கவில்லை.

சாதாரண தரத்தில் கணிதம் எனக்கு எஸ்.
அதுவும் இரண்டாம் தடவை.
அதை எந்தக் கூடும் கேட்கவில்லை.

மேல்பிரிவுப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லாத
மூன்றாம் வருசம் அது.
வந்தவர் இரண்டு பேர். ஒருவர் ஒரு தவணை.
மற்றவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.
"மிஸ், நீங்கதானே சின்ன ஆள்" என்றார் அதிபர்.

இரவில் காம்பராவுக்குள் விடைப்புத்தகம் பார்த்து
காலையில் அதையே கரும்பலகையில் ஏற்றினேன்.
வழி மறந்த இடங்களில் குரலை உயர்த்தினேன்.
பிள்ளைகள் அதைக் கண்டிப்பு என்று நினைத்தார்கள்.

பதினோராம் ஆண்டில் லோகினி எழும்பிக் கேட்டாள்:
மறையை மறையால் பெருக்கினால்
எப்படி மிஸ் நேர் வரும்?
அது விதி என்றேன்.
யார் போட்ட விதி என்றாள்.
உட்கார் என்றேன்.

அவள் அம்மா இருபது கிலோ பறித்து
சாக்குக்கு இரண்டு, தண்ணிக்கு ஒன்று போக
பதினேழுக்கு அரைப்பேர் வாங்கி வருகிறவள்.
அந்தக் கழித்தலுக்கும் யாரும் விளக்கம் சொன்னதில்லை.

முப்பத்தொரு பேர் எழுதினார்கள். ஆறு பேர் சித்தி.
லோகினிக்குத் தமிழில் ஏ, விஞ்ஞானத்தில் பி,
கணிதத்தில் டபிள்யூ.
சித்திரை கழிந்து கொழும்பில் ஒரு புடவைக் கடைக்குப் போனாள்.
பில் போடும் மேசைக்கு அல்ல,
மடிக்கும் மேசைக்கு.

வலயத்திலிருந்து வந்த ஐயா
பெற்றோர் அக்கறை, வரவு, குளிர், போசாக்கு
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.
அதெல்லாம் பொய்யுமில்லை.
என்னைப் பார்த்து "நீங்க பாவம்" என்றார்.
என்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

பிறகுதான் கலாசாலை.
மூன்றாம் வாரம் விரிவுரையாளர் ஒரு கோடு கீறினார்.
நடுவில் பூச்சியம்.
ஐந்நூறு ரூபாய்க் கடன் உனக்கு மூன்று இடத்தில்.
மூன்றையும் யாரோ அழித்துவிட்டால் உன் நிலை என்ன?
ஆயிரத்து ஐந்நூறு கூட.
அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம்.

வகுப்பு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது.
நான் அந்தக் கோட்டிலேயே இருந்தேன்.
அந்த ஒன்றரை நிமிடம் அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால்...
இல்லை, அப்படிச் சொல்வதும் எனக்கு வசதி.
நாலு வருசம், நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள்.
என் சம்பளமும் அரைதான், அது வேறு கணக்கு.
முழுநாளும் முன்னால் நின்று
நான் கொடுத்தது அரைப்பேர்.

சான்றிதழ் வந்த கிழமையே இன்னொரு கடிதமும் வந்தது:
டவுன் பாடசாலைக்கு இடமாற்றம்.
அங்கே கணிதத்துக்கு ஏற்கெனவே நாலு பேர்.
எனக்கு ஆறாம் ஆண்டும் நூலகமும்.

மேல்பிரிவில் இப்போது என் இடத்தில்
சித்திரம் படித்த ஒரு தம்பி, பெயர் ஜெகதீபன்.
நேற்று இரவு ஃபோன் எடுத்தான்.
"அக்கா, நாளைக்கு பதினோராம் ஆண்டு.
மறையும் மறையும் பெருக்கினா எப்பிடி நேர் வருது?
விதின்னு சொல்லிடவா?"

சிக்னல் விட்டுவிட்டு வந்தது.
வேணாம், ஒரு பேப்பர் எடு என்றேன்.
ஒரு கோடு கீறு.
நடுவில் பூச்சியம் போடு.
போட்டிட்டியா?