ஞாயித்துக்கெழமை வண்டி

டாக்டர் ஓட்டுனதுங்க்கா,
ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் வெளிய எடுப்பாரு
என்றான் அவினாசி ரோட்டு புரோக்கர் நாச்சிமுத்து.
ஏலச்சீட்டுக் காசு, மூணே கால் லட்சம்.
மீட்டரில் முப்பத்தெட்டாயிரம்.
பிரேக் பெடலில் ரப்பர் தேய்ந்து
இரும்பு தெரிந்ததை
நான் பார்த்தேன்தான்.
வெள்ளை நிறம் பிடித்திருந்தது.

பல்லடம் தாண்டி, பனியன் மூட்டைகளோடு,
கிளட்ச் போனது.
ஆடியில் ரேடியேட்டர்.
ஏசி போட்டால் ஈர நாய் வாசம்.
ஐப்பசியில் கியர்பாக்ஸ்:
ரெண்டு ஓவர்லாக் மிஷினை விற்றேன்.

ரபீக் மெக்கானிக் சீட்டைக் கழற்றி
தரைவிரிப்பைத் தூக்கிக் காட்டினார்.
காய்ந்த வண்டல்.
"வெள்ளத்துல நின்ன வண்டிங்க."
வண்டலுக்குள் ஒரு வீட்டுச் சாவி,
துருவேறி.
எந்த ஊரோ.
அந்தப் பூட்டை யார் உடைத்தார்களோ.
நாச்சிமுத்துவைத் திட்ட எடுத்த போனை
சித்த நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

நேற்று காங்கயத்திலிருந்து ஒருத்தர்.
சுற்றி வந்தார், டயரை உதைத்தார்.
"தொந்தரவு ஒண்ணுமில்லீங்களே?"
"நாங்க எங்கீங்க எடுக்கறோம்,
ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போனாச் சரி."
விவரமானவர்.
குனிந்து பிரேக் பெடலையும் பார்த்தார்.
புது ரப்பர்.
போன வாரம் போட்டது,
அறுபது ரூபாய்.