மூடி

யாரும் கேட்காததால்
ஆயிரத்து இருநூறுக்கு எனக்கு விழுந்தது
பங்களா ஏலத்தில் இந்த ஷேக்கர்.
தோளில் வெள்ளி உரிந்து பித்தளை தெரியும்.
அடியில் எவரோ வெட்டிய மூன்று எழுத்தில்
நடு எழுத்து தேய்ந்துவிட்டது.

சனி இரவு, ஹப்புத்தளை.
"ஜன்னலைத் திற, ஐஸ் எதற்கு?" என்றான் தயாநிதி.
சாராயம் இரண்டு பங்கு, தேசிக்காய் ஒன்று,
கித்துள் பாணி அரை.
முட்டை வெள்ளையை ஊற்றும்போது
நிலூக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குலுக்கினேன், விரல் மரக்கும்வரை.
மூடி வரவில்லை.
குளிரில் உலோகம் உலோகத்தைக் கவ்விக்கொண்டது.
தயாநிதி திருகினான்.
வட்டிக்கணக்கு பேசிக்கொண்டே வங்கி மனேஜர் திருகினார்.
சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தார் அண்ணன்.
கைக்குழந்தைபோல மடி மடியாய்ப் போனது அது.
ஒரு சொட்டும் இறங்காமலே
எல்லோருக்கும் வெறி.

செபமணிதான்
ஒன்றும் பேசாமல் வாங்கிப்போய்
கேத்தல் மூக்கில் காட்டினாள்.
ஒரு பெருமூச்சு,
திறந்தது.

நுரை வெதுவெதுப்பு.
பழைய கிளாஸ் ஐந்து, நாங்கள் ஆறு பேர்.
எனக்குப் பிளேன்டீக் கோப்பை.
முதலில் புளிப்பு, பின்னால் பாணி,
இடையில் எங்கேயோ சாராயம்,
விளிம்பில் கொஞ்சம் தேயிலைக் கறை.

"இன்னொரு தடவை?" என்றேன்.
சரி என்றார்கள்.
மூடியை மட்டும்
செபமணி ஒளித்துவைத்துவிட்டாள்.