காட்பாடியில் இறங்கி

தலையில வியாதி,
தொடையில ஏன் குத்துறீங்க என்றாள் கைருன்னிசா.
மேல்விஷாரம். ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவள்.
வேலூருக்கு டிக்கெட் எடுத்தாலும்
காட்பாடியில்தானே இறங்கணும் என்றேன்.
சிரித்தாள். இடது இமை மட்டும்
பாதிக்கு மேல் எழவில்லை.

இப்போது மயக்கத்தில் இருக்கிறாள்.
ஈய அங்கிக்குள் வியர்த்தபடி
நான் காட்பாடியிலிருந்து கிளம்புகிறேன்.

நெஞ்சு வரை ரயில் பாதை.
அதன் பிறகுதான் ஊர்.
ஐம்பத்துநாலு வயதும் மாத்திரை மறந்த ரத்த அழுத்தமும்
கழுத்துக் குழாயை
சாயங்கால கிரீன் சர்க்கிளாக்கி வைத்திருக்கின்றன.
குழாய் ஏறுகிறது, வழுக்கி
மகாதமனிக்குள்ளேயே விழுகிறது.
மூன்று முறை.
வேறு வளைவு வேண்டும் என்று திரும்பினால்
தேவசகாயம் ஏற்கெனவே உறையைப் பிரித்திருக்கிறான்.

கண்ணுக்குப் பின்னால், எலும்புக்குள்,
கொண்டை ஊசி வளைவுகள்.
ஏலகிரிக்குப் பதினான்கு.
இங்கே இரண்டுதான்.
இரண்டு போதும்.

நுண்குழாயைத் தள்ளுகிறேன்.
கையில் இரண்டு சென்டிமீட்டர் போயிற்று,
திரையில் முனை அசையவில்லை.
போனது எங்கே?
வளைவுகளில் பதுங்கியிருக்கிறது
கைமாற்றாக வாங்கிய பணம்போல,
எந்த நேரம் வந்து கேட்கும் என்று தெரியாமல்.
கேட்டால் முனை துள்ளும்.
துள்ளினால் எதிரே
ஆறு மில்லிமீட்டர் வீக்கம்,
வெங்காயச் சருகாய் அதன் சுவர்.

அதனால் பின்னால் இழுக்கிறேன்.
இழுக்க இழுக்க
முனை முன்னால் போகிறது.
பதினோரு வருடமாகச் செய்கிறேன்,
வயிறு மட்டும் இன்னும் நம்பவில்லை.

வாசல் கொல்லைப்பக்கம் பார்த்திருக்கிறது.
நுழையாமல் தாண்டிப் போகிறது குழாய்.
வெளியே எடுத்து
முனையை வளைத்து ஆவியில் காட்டுகிறோம்,
முப்பது விநாடி, இட்லி வேகும் நேரம்கூட இல்லை.

மறுபடி காட்பாடி.

இந்த முறை
தட்டாமலே உள்ளே போனது.
முதல் சுருள் சுற்றி உட்காரும்போது
குழாய் உதைத்துப் பின்வாங்கும்.
உதைத்தது.
யாரும் பேசவில்லை.
வெளியே வந்துவிடவில்லை.
மூன்றாவது சுருளுக்குப் பிறகு தேவசகாயம்
ஏசியைக் குறைக்கவா சார் என்றான்.

ராத்திரி,
காலை மடக்காதீங்க என்று சொல்ல வார்டுக்குப் போனேன்.
இமை அப்படியேதான்.
நரம்பு மெல்லத் திரும்பும்,
திரும்பாமலும் போகும்.

ஊர் வந்துடுச்சா டாக்டர் என்றாள்
நாக்கு குழறாமல்.

வந்துடுச்சு என்றேன்.
ஆறு மாதத்தில் இன்னொரு முறை
காட்பாடியில் இறங்க வேண்டும் என்பதைக்
காலையில் சொல்லிக்கொள்ளலாம்.