இருபத்திரண்டு பாகை

எக்ஸ்ரே அறைக்கு இருபத்திரண்டு பாகை.
கூடினால் இயந்திரம் கோபிக்கும்.
மனிசருக்கு அப்படி ஓர் அளவு எழுதி ஒட்டவில்லை,
என் ஏழு மரங்களுக்கும் இல்லை.

சித்திரை முடிந்து வைகாசி.
பாசையூரில் சோளகம் இன்னும் எழும்பவில்லை.
மொட்டைமாடியில் காலை ஒன்பதுக்கே
வெறுங்கால் வைக்க ஏலாது.
ஒரு சாண் சட்டி, மூன்று விரல் மண்.
நிலத்தில் நிற்கிற மரம் வேரை அனுப்பித் தேடும்.
இது எங்கே அனுப்பும்?
நான்தான் அதற்கு ஆழம்.

விடிய ஐந்தரைக்கு ஓர் ஈர்க்கை மண்ணில் குத்தி
இழுத்துப் பார்க்கிறேன்.
நுனி கறுத்திருந்தால் விடலாம்.
வெளுத்திருந்தால் பூவாளி,
அடி ஓட்டையால் ஒழுகும்வரை.
பிறகு இன்னொரு தரம்,
முதல் தரம் மண் ஏமாற்றும்.
ஈரச் சாக்கைச் சட்டியின் இடுப்பில் சுற்றி
பச்சை வலைக்குக் கீழே தள்ளிவைத்துவிட்டு
வேலைக்கு ஓடுகிறேன்.
உச்சி வெயிலில் இலைக்குத் தண்ணீர் தெளிக்காதே என்று
எமில்டாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.
தலையாட்டுவாள். தெளிப்பாள்.
பாவம் பார்க்கிறாளாம்.

எங்கள் கிணறு சவர்.
குடித்தால் நாக்கு அறியும்,
ஊற்றினால் சட்டி அறியும்,
விளிம்பெல்லாம் சுண்ணாம்பு பூத்துக் கிடக்கும்.
கண்டல் மட்டும் அதைக் குடித்து மினுங்குகிறது,
கடற்கரைப் பிள்ளை.
மற்ற ஆறுக்கும் வேறு தண்ணீர் வேண்டும்.

ஆஸ்பத்திரிச் சுவரின் பின்பக்கம்
ஏசிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
உப்பில்லை, சுண்ணாம்பில்லை,
நோயாளிகளின் மூச்சிலிருந்து
குளிர் பிழிந்தெடுத்த தண்ணீர்.
ஒரு கான் வைத்தேன்.
தரை கழுவுகிற புளோராக்கா
அதைத் தட்டாமல் சுற்றிக் கழுவப் பழகினா.
கேற்றில் யேசுரட்ணம் மறித்தார்.
"என்ன தண்ணி?"
"எக்ஸ்ரே அறைத் தண்ணி."
"மரம் இரவில வெளிச்சம் விடாதோ?"
"விட்டால் கரண்ட் பில் மிச்சம், அண்ணை."

ஏழில் மூத்தது ஆல்.
குருநகரில் கூரையில்லாத ஒரு வீட்டின்
சுவர் வெடிப்பில் கண்டெடுத்தேன்.
வயது என் வயது இருக்கலாம்,
உயரம் என் முழங்கால்.
மரத்தைக் கட்டி வளர்க்கிறது பாவமில்லையோ
என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதில்லை,
முதலில் வளைத்தது அந்தச் சுவர்.
செப்புக் கம்பி பிறகு வந்தது.
வெயில் காலத்தில் தண்டு பருக்கும்,
கம்பி பட்டையைக் கடிக்கும்.
அவிழ்க்கப் போனால் கிளை முறியும்.
துண்டு துண்டாய் வெட்டி எடுக்க வேண்டும்,
ஆறிய கையின் பிளாஸ்டரைப் போல.

போன வியாழன்
தீவுப் பக்கம் போன பஸ் பண்ணையில் பிரண்டது.
முப்பத்தொரு பேர். எனக்கு இரட்டை ஷிப்ட்.
மூச்சை அடக்குங்கோ. விடுங்கோ.
மூச்சை அடக்குங்கோ. விடுங்கோ.
எமில்டா தாய் வீட்டில்.
இரவு இரண்டு மணிக்கு மாடி ஏறினேன்.
பொழுதுபட இலை கூப்பித் தூங்குகிற புளி
கூப்ப ஒன்றும் இல்லாமல் நின்றது.
முழு இலையும் காலடியில்,
டோர்ச் வெளிச்சத்தில் தவிடு மாதிரி.

"செத்துப்போச்சு, எறியுங்கோ" என்றாள் எமில்டா
மறுநாள் போனில்.

உரம் போடக் கூடாது.
சட்டி மாற்றக் கூடாது.
பதறி வாளியோடு ஊற்றக் கூடாது.
நிழலும் கொஞ்ச ஈரமும் கொடுத்து
சும்மா இருக்க வேண்டும்.
கை துருதுருக்கிறது.

முறிவு பார்க்கத்தான் நான் படித்தது.
எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு.
உயிர் என்ன நிறமென்று படத்தில் விழுவதில்லை.
கட்டைவிரல் நகத்தைத் தண்டில் வைத்தேன்.
மூச்சை அடக்குங்கோ, என்றேன்.
எனக்குத்தான்.
மயிரளவு சுரண்டினேன்.

பச்சை.

இன்றைக்கு ஒன்பதாம் நாள்.
முளை ஒன்றும் இல்லை.
கேற்றில் யேசுரட்ணம் கானைத் தட்டிப் பார்த்து
"ஆள் எப்பிடி?" என்கிறார்.
"இன்னும் வார்ட்டிலதான்."
ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கேற்றை
இரண்டு பக்கமும் திறந்து விடுகிறார்,
தண்ணீர் தளம்பாமல் போக.